ஓட்டாத வண்டியின் சத்தம்

ஜூன் 4, புதன்

உத்தரவு வந்துவிட்டது. முதுகுளத்தூர் தாலுகா அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். இந்த மாதம் முப்பதாம் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும்.

மஞ்சப்பாறையில் ஒரு வீடு விடாமல் அம்மா போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். நான் காலேஜ் முடித்தபோதும் இப்படித்தான் செய்தாள். ஊரில் முதல் ஆள் என்பதால் சொல்லாமல் இருக்க அவளால் முடியாது; முதல் ஆள் என்பதால் வருகிறவர்கள் முகத்தைப் பார்க்க என்னால் முடியாது. அவர்கள் வந்தபோது பின்பக்கம் காப்பிக்கொட்டை புடைத்துக்கொண்டிருந்தேன். புடைத்ததையே திரும்பவும் புடைத்தேன்.

அப்பா எல்லார் முன்னாலும் சொன்னார்: "எம்பிள்ளைய நம்ம வண்டியிலதான் போடிக்குக் கூட்டிப்போயி பஸ் ஏத்திவிடுவேன்."

எங்கள் ஜீப் ஐப்பசியிலிருந்து பலாமரத்தடியில் தார்ப்பாய்க்குள் நிற்கிறது. டிரைவர் சீட்டில் கோழி அடைகாத்துக் குஞ்சும் பொரித்துவிட்டது.

"அதுக்கென்னப்பா, வண்டி சரியானதும் போறேன்" என்றேன். எனக்கு ஒன்றும் அவசரமில்லை.

ஜூன் 6, வெள்ளி

மழை வருவதுபோல் வந்து போய்விட்டது. துணியை மூன்று முறை எடுத்து மூன்று முறை காயப்போட்டேன்.

ஐப்பசியில் நடந்ததை இதுவரை எழுதவில்லை. எழுதிவிடுகிறேன்.

அப்பா ஏலத்தோட்டத்துப் பெண்களை ஏற்றிக்கொண்டு மேலே வந்துகொண்டிருந்தார். மூன்றாம் வளைவு தாண்டியதும் ஒரு செங்குத்து மேடு உண்டு. அதில் ஏறும்போது பின்ஷாஃப்ட் உடைந்தது. இன்ஜினின் சுழற்சியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகிற நீளமான இரும்புக் குழாய் அது. அதன் முனையில் கூட்டல் குறிபோல ஒரு இரும்பு இருக்கும், கிராஸ் என்பார்கள். ரொம்ப நாளாகத் தேய்ந்து 'டொக் டொக்' என்று தட்டிக்கொண்டிருந்தது. சீசன் முடியட்டும் என்று அப்பா ஓட்டிக்கொண்டிருந்தார். அன்றைக்கு அது முறிந்து, ஷாஃப்டின் அறுந்த முனை சுழன்றடித்ததில் கால் பிரேக்கின் குழாயும் அறுந்துபோனது.

கைப்பிரேக் இருக்கிறதே என்று கேட்பார்கள். எங்கள் பழைய ஜீப்பில் கைப்பிரேக் சக்கரத்தைப் பிடிக்காது. ஷாஃப்ட் கிளம்புகிற இடத்தைத்தான் பிடிக்கும். ஷாஃப்ட் போனால் அதுவும் போச்சு. அப்பா இழுத்திருக்கிறார். கையோடு வந்திருக்கிறது. எதையும் பிடிக்கவில்லை.

வண்டி பின்னோக்கி உருண்டது. எப்படியோ திருப்பி மண்மேட்டில் முட்டி நிறுத்திவிட்டார். யாரும் சாகவில்லை. குருவம்மா பெரியம்மாவுக்கு மட்டும் இடுப்பெலும்பு முறிந்தது. அந்த இடத்துக்கு இப்போது குருவம்மா மேடு என்று பெயர். "ஊர்ல எவளுக்குடி எம்மாதிரி பேரு வச்ச மேடு இருக்கு?" என்று அவளே கேட்டுக்கொண்டு கம்பூன்றி நடக்கிறாள்.

அப்பா அதைப்பற்றி ஒரே ஒரு தடவைதான் பேசினார். "மழை. பின்னாடி படுதா. எங்க போறோம்னு ஒண்ணும் தெரியல."

ஜூன் 7, சனி

அப்பா தார்ப்பாயை எடுத்தார். வண்டியைச் சுற்றி வந்தார். மறுபடி போர்த்திவிட்டார்.

ஜூன் 9, திங்கள்

போடியிலிருந்து தாகிர் மாமா வந்தார். அப்பா முதன்முதலில் வண்டி வாங்கியதிலிருந்து அவர்தான் மெக்கானிக். இருவரும் ஒருவரையொருவர் மாப்ள என்றுதான் கூப்பிடுவார்கள். யார் மாமன், யார் மாப்பிள்ளை என்பது இன்னும் முடிவாகவில்லை.

அடியில் படுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார். "பழைய ஷாஃப்ட் வேலைக்காகாது மாப்ள. பல்லெல்லாம் ஒன்னய மாதிரி தேஞ்சு கெடக்கு. வேற வண்டியில கழட்டுன ஷாஃப்ட் ஒண்ணு எங்கிட்ட கெடக்கு, இதவிட நீளம். லேத்துல குடுத்து வெட்டி ஒட்டணும். அளவெடுத்துப் பிள்ளைக்கிட்டக் குடுத்துவிடு."

"அப்புறம் பிரேக்கு" என்றார் அப்பா.

"அத அப்பயே மாத்திட்டேன்."

"கைப்பிரேக்கு?"

"அது நல்லாத்தான் இருக்கு. ஷாஃப்டு இருந்தா அதும் இருக்கும். ஒனக்குத் தெரியாததா?"

அம்மா சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள். மாமா கோழிக் குழம்பை எதிர்பார்த்தார். சீட்டில் படுத்த கோழியை அடிக்க அம்மாவுக்கு மனசில்லை. முட்டைக் குழம்புதான்.

ஜூன் 11, புதன்

அளவெடுத்தோம். அப்பா ஜாக்கி வைத்துப் பின்பக்கத்தைத் தூக்கி, சட்டத்துக்கு அடியில் கட்டை முட்டுக் கொடுத்தார். பின்சக்கரம் இரண்டும் அந்தரத்தில் தொங்கின. ஷாஃப்ட் வர வேண்டிய இடத்தின் முன்முனையில் அவர் கயிற்றைப் பிடித்தார். நான் பின்முனையில் பிடித்து முடிச்சுப் போட்டேன்.

சக்கரம் தொங்கும்போது அச்சும் தொங்குகிறது. இறக்கினால் மேலே வருமே, நீளம் குறையுமே என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதை எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. அப்பாவுக்குத் தெரியாததா?

கயிற்றைச் சுருட்டிப் பையில் வைத்திருக்கிறேன்.

ஜூன் 14, சனி

எஸ்டேட் ஜீப்பில் தொற்றிக்கொண்டு போடிக்குப் போனேன். தாகிர் மாமா ஷாஃப்டை லேத்துக் கடையில் போட்டுவிட்டு ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார். கடைக்காரரிடம் நான்தான் பேச வேண்டும்.

ஓரமாக நின்றேன். எனக்குப் பின்னால் வந்தவர்கள் முன்னால் போய் வேலை முடித்துக்கொண்டு போனார்கள். ஒருவர் என்னைக் கடையில் வேலை பார்க்கிற பெண் என்று நினைத்துப் பில் கேட்டார். வெயில் ஏறிய பிறகு கடைக்காரரே பார்த்து, "என்னம்மா, யாரைப் பாக்கணும்?" என்றார். கயிற்றை நீட்டினேன். அவர் சிரித்தார். "கயிறு பேசுமா? நீதாம்மா பேசணும்."

தாலுகா அலுவலகத்திலும் இப்படித்தான் நிற்பேனோ? அங்கே நான் கவுண்டருக்கு உள்பக்கம். அதுதான் இன்னும் பயமாக இருக்கிறது.

வெட்டி ஒட்டிய ஷாஃப்டைச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பச்சைச் சுடிதாரில் கிரீஸ் போகவில்லை. அலுவலகத்துக்கு என்று எடுத்து வைத்திருந்தது.

ஜூன் 15, ஞாயிறு

கிராஸ் மாட்டினோம். அதன் நாலு காலுக்கும் நாலு சின்னக் கிண்ணம். ஒவ்வொரு கிண்ணத்தின் உள்சுவரிலும் ஊசி ஊசியாக இரும்பு வரிசை கட்டி நிற்க வேண்டும். ஒன்று சாய்ந்தாலும் கிண்ணம் உட்காராது. அப்பா விரல் தடிமன். ஊசிகள் சரிந்துகொண்டே இருந்தன. நான் கிரீஸ் தடவி ஒவ்வொன்றாக நிறுத்தினேன். அத்தனையும் நின்றன. அப்பா சுத்தியலால் மெதுவாகத் தட்டி இறக்கினார்.

இந்த மாதத்தில் நன்றாக இருந்த நாள் இது ஒன்றுதான்.

ஜூன் 16, திங்கள்

தாகிர் மாமா வந்து ஷாஃப்டை மாட்டினார். வண்டி முட்டின் மேல் நிற்கும்போது அழகாக மாட்டிக்கொண்டது. ஜாக்கியை இறக்க இறக்க, ஒன்றுக்குள் ஒன்று நுழைகிற அந்தக் குழாய் 'டக்' என்று முட்டிக்கொண்டது. இன்னும் கொஞ்சம் இறக்கியிருந்தால் கியர்பாக்ஸ் உடைந்திருக்கும்.

மாமா அடியிலிருந்து வெளியே வந்தார். முகத்தைத் துடைத்தார். துடைக்கத் துடைக்கக் கறுத்தது.

"தொங்கவிட்டா அளந்த?"

அப்பா ஜாக்கிக் கம்பியைத் துணியால் துடைத்தார்.

"முப்பது வருசமா வண்டி ஓட்டுறவன். சக்கரத்த அந்தரத்துல தொங்கவிட்டு அளந்திருக்க. பச்சப்பிள்ளைகூட அளக்காது மாப்ள."

"மறந்துபோச்சு" என்றார் அப்பா.

மாமா அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "நீ என்னத்தா படிச்ச?"

"பிசிக்ஸ், மாமா."

"ம்" என்றார். கடுங்காப்பியைக் குடித்துவிட்டு ஷாஃப்டைக் கழற்றி வைத்துவிட்டுப் போனார்.

அம்மா பாத்திரம் விளக்கிக்கொண்டே சத்தமாகச் சொன்னாள். "அப்பனுக்கும் மகளுக்கும் ஒரே சீக்கு. வண்டிக்கு என்ன வந்துச்சு, பாவம்."

அம்மாவுக்கு எப்போதும் எதையாவது சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

ஜூன் 17, செவ்வாய்

தூக்கமில்லை. பெட்டியில் துணியை அடுக்கினேன், கலைத்தேன்.

ஜூன் 20, வெள்ளி

முந்தாநாள் வண்டியைத் தரையில் நிறுத்தி நானே அளந்தேன். அப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போயிருந்தார். நேற்று லேத்துக் கடைக்குப் போய்க் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு, "அண்ணே, இது தரையில நிக்கிறப்ப அளந்தது. உள்ள ஏறி எறங்க எடம் விட்டு வெட்டணும்" என்றேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது. கடைக்காரர் காதைக் குடைந்துகொண்டு, "மெதுவாச் சொல்லும்மா, காது கேக்கும்" என்றார்.

இன்று மாமா வந்து மாட்டினார். குழாயின் இரண்டு பாதியிலும் உள்ள அம்புக்குறிகள் நேருக்கு நேர் வந்தன. இறக்கினோம். முட்டவில்லை.

மாமாவே டிரைவர் சீட்டிலிருந்த வைக்கோலைத் தட்டிவிட்டு ஏறினார். பள்ளிக்கூடம் வரை போய்த் திரும்பினார். கோழி பின்னாலேயே ஓடியது.

"புது வண்டி மாப்ள. ஏறி ஒரு சுத்து வா."

"சத்தம் வருது" என்றார் அப்பா.

"எங்க?"

"பின்னாடி. ஒரு மாதிரி கிர்ருனு."

மாமா இடுப்பில் கையை வைத்துக்கொண்டார். "ஓட்டுன எனக்குக் கேக்கல. ஓட்டாத ஒனக்குக் கேக்குதா?"

பக்கத்து வீட்டுக்காரர்கள் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். ஆனால் அவர் வலதுகையை இடதுகையால் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஜூன் 23, திங்கள்

சத்தம் வருகிறதாம். கிரீஸ் அடித்தார். சத்தம் வருகிறதாம். எல்லா நட்டையும் இறுக்கினார்.

ஆட்கள் போகும்போது வரும்போது கேட்கிறார்கள், "எப்பத்தா கெளம்புற?" சத்தம் நிற்கட்டும் என்கிறேன்.

ஜூன் 25, புதன்

விடியும்போது முகம் கழுவ வெளியே வந்தேன். பலாமரத்தடியிலிருந்து சத்தம் கேட்டது. கிர்ர். கொஞ்சம் விட்டு மறுபடி கிர்ர்.

அப்பா வண்டியில் உட்கார்ந்திருந்தார். டிரைவர் சீட்டில் அல்ல, இடப்பக்கத்தில். நடுவில் இருக்கிற கைப்பிரேக்கை இழுத்தார். விட்டார். இழுத்தார். விட்டார்.

நான் உள்ளே வந்து, வேண்டுமென்றே குடத்தைத் தட்டிவிட்டு, பிறகு வெளியே போனேன். அப்பா டயரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சத்தம் இன்னும் வருதாப்பா?"

"வருது."

இல்லை என்று நான் சொல்லவில்லை. வருகிறதுதான்.

ஜூன் 26, வியாழன்

குருவம்மா பெரியம்மா கம்பைத் தட்டிக்கொண்டு வந்தாள். வண்டியைத் தடவிப் பார்த்துவிட்டு அப்பாவைக் கூப்பிட்டாள்.

"வீரணா, சனிக்கெழம எனக்குப் போடி ஆஸ்பத்திரிக்குப் போகணும். இடுப்பப் பாக்க வரச்சொல்லியிருக்காக. பிள்ளைய விடப் போறீல்ல, என்னையும் கூட்டிட்டுப் போ."

"எஸ்டேட் ஜீப்பு வரும் மதினி."

"அதுல எவன் கூட்டத்துல நசுங்குறது? நீதான ஒடிச்ச, நீதான் கூட்டிப்போகணும்."

அம்மா உள்ளேயிருந்து, "அப்படிக் கேளுங்கக்கா" என்றாள்.

அப்பாவின் முகம் செத்துப்போய்விட்டது. பெரியம்மா அதைப் பார்த்தாள். பார்த்தும் வெற்றிலையை மென்றுகொண்டே இருந்தாள். பிறகு குரலைத் தாழ்த்தாமலேயே சொன்னாள். "அன்னிக்கு நீ திருப்பாம விட்டிருந்தா பள்ளத்துல எங்க எலும்பத்தான் பொறுக்கியிருக்கணும். ஒரு இடுப்புத்தான போச்சு."

அப்பா மாட்டை அவிழ்க்கப் போய்விட்டார். மாடு ஏற்கெனவே மேயப் போயிருந்தது.

ஜூன் 27, வெள்ளி

என்னிடம் லைசென்ஸ் இருக்கிறது. தேனியில் காலேஜ் ஹாஸ்டலில் இருந்தபோது நாங்கள் நாலு பேர் சேர்ந்து கற்றுக்கொண்டோம். ஓட்டியது ஒரு சின்னக் கார், சமதளத்தில். ஆனால் பள்ளிக்கூடம் போன காலம் முழுவதும் அப்பாவின் இடப்பக்கம் உட்கார்ந்து இந்தப் பாதையில் வந்திருக்கிறேன். எந்த இடத்தில் எந்தக் கியர் என்று கண்ணை மூடிக்கொண்டும் தெரியும்.

சாப்பிடும்போது சொன்னேன், "நாளைக்கு நான் ஓட்டுறேன். நீங்க பக்கத்துல உக்காருங்க."

அம்மா கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.

அப்பா தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து, "நாலு சக்கரத்துக்கும் கியரப் போட்டுக்க. மொதக் கியர மாத்தாத. கால் பிரேக்கத் தொடர்ந்து அமுக்காத" என்றார்.

மத்தியானம் டவர் கிடைக்கிற பாறைக்குப் போய் தாகிர் மாமாவுக்கு போன் செய்தேன். கிரீஸ் எத்தனை நாளைக்கு ஒருதரம் அடிக்க வேண்டும் என்று கேட்க.

ஜூன் 28, சனி. பரமக்குடி, ஹாஸ்டல் தோழி லதாவின் வீடு

காலையில் கிளம்பினோம். பின்னால் பெரியம்மா, என் பெட்டி, ஒரு சாக்குப் பலாச்சுளை. அம்மா வரவில்லை. வந்தால் அழுவாள் என்று அவளுக்கே தெரியும்.

நடந்து வந்தால் எங்களைத் தாண்டியிருக்கலாம், அவ்வளவு மெதுவாக ஓட்டினேன். அப்பாவின் வலதுகை கைப்பிரேக்கை விட்டு எழவே இல்லை. முகத்தில் ஈ உட்கார்ந்தபோதும் இடதுகையால்தான் விரட்டினார். "இது பொண்ணழைப்பு ஊர்வலமாத்தா? மேளம் எங்க?" என்று பெரியம்மா பின்னாலிருந்து கேட்டாள்.

குருவம்மா மேடு இறங்குகிற இடத்தில், "நிப்பாட்டு" என்றார்.

நிறுத்தினேன். அவர் கைப்பிரேக்கை இழுத்தார். என்னைக் காலை எடுக்கச் சொன்னார். எடுத்தேன். வண்டி அசையவில்லை. அந்தச் சரிவில், மூன்று பேரோடு, கைப்பிரேக் ஒன்றை மட்டும் நம்பி நின்றது. அப்பா அதன் மேலிருந்து கையை மெல்ல எடுத்தார். அப்போதும் நின்றது.

இறங்கி, அன்றைக்கு முட்டிய மண்மேட்டைப் போய்ப் பார்த்தார். புல் முளைத்து மூடியிருந்தது. காலால் ஒருதரம் தட்டிப் பார்த்துவிட்டு வந்தார். "போ" என்றார்.

போடி பஸ் ஸ்டாண்டில் பெட்டியை இறக்கினோம். மதுரை பஸ் நின்றுகொண்டிருந்தது. சாவியை நீட்டினேன். அப்போதுதான் அப்பா சாவியைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார்.

"அப்ப மேல யாரு கொண்டுபோறது?"

எனக்கும் அப்போதுதான் தோன்றியதுபோல நின்றேன்.

தாகிர் மாமாவுக்கு போன் போட்டார். மாமாவுக்கு இன்றைக்குப் பார்த்து இடுப்பில் சுளுக்காம். படுத்தவர் எழுந்திருக்கவே முடியவில்லையாம்.

"அவனுக்கும் இடுப்பா?" என்று பெரியம்மா சிரித்தாள். "நான் ஆஸ்பத்திரியக் காட்டிட்டு வர்ற வரைக்கும் யோசி வீரணா. சாயந்தரம் எனக்கு வீடு போகணும்."

கண்டக்டர் விசில் அடித்தார். ஏறினேன். ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. அப்பா வண்டியின் இடப்பக்கம் நின்றுகொண்டிருந்தார், சாவி உள்ளங்கையில். வண்டியைச் சுற்றி மறுபக்கம் போனாரா என்று பார்ப்பதற்குள் பஸ் திரும்பிவிட்டது.

மதுரை வரை பலாச்சுளைச் சாக்கை இறக்காமல் மடியிலேயே வைத்திருந்தேன்.

ஜூன் 29, ஞாயிறு

போன் வரவில்லை. அம்மா பாறைக்கு வர வேண்டும். மழையாக இருக்கலாம். நான் போட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்கிறது. லதா எதற்கு இப்படி வாசலுக்கும் அடுப்படிக்கும் நடக்கிறாய் என்று கேட்டாள். நாளைக்கு வேலையில் சேர வேண்டுமே, அந்தப் பதற்றம் என்றேன்.

மாமாவுக்குச் சுளுக்கு வரவைத்தது தப்போ?

ஜூன் 30, திங்கள். முதுகுளத்தூர்

சேர்ந்துவிட்டேன். கையெழுத்துப் போட்டதும் ஒரு மேசையைக் காட்டினார்கள். சுவரைப் பார்த்தபடி இருந்தது. கவுண்டர் என் முதுகுக்குப் பின்னால். யார் யாரோ வந்தார்கள். "ஏம்மா", "இந்தாம்மா" என்று முதுகில் குரல் விழுந்தது. ஒவ்வொரு தடவையும் உடம்பு தூக்கிப்போட்டது. பக்கத்து மேசை சார், பெயர் முத்துராமலிங்கம், "பழகிரும்" என்றார்.

மத்தியானம் அம்மாவின் போன் வந்தது. வராந்தாவுக்கு ஓடினேன்.

"வண்டி வந்துருச்சுடி."

"யாரும்மா ஓட்டிட்டு வந்தது?"

"சனிக்கெழம சாயந்தரமே வந்துருச்சு. மழை ஓயாம பாறைக்கு வர முடியல."

"யாரு ஓட்டிட்டு வந்தது?"

"அந்தக் கூத்த ஏன் கேக்குற. மூணாவது வளைவு வரைக்கும் ஒழுங்கா ஓட்டிட்டு வந்திருக்காரு மனுசன். மேட்டுக்கிட்ட வந்ததும் வண்டியத் திருப்பி நிறுத்திட்டாராம். ரிவர்ஸ் போட்டுப் பின்பக்கமாவே ஏறுனாராம். பெரியம்மாவ எறக்கிவிட்டு, 'நீ முன்னாடி நடந்து வழி சொல்லு மதினி'ன்னு சொல்லி, அது கம்ப ஆட்டி ஆட்டி வழி சொல்லியிருக்கு. இடுப்பு ஒடிஞ்சவ நடந்து வர, வண்டி அவ பின்னாடி முதுகக் காட்டிக்கிட்டு வருது. ஊரே நின்னு சிரிச்சுச்சு."

"ஏம்மா அப்படி?"

பாறையில் காற்று இரைந்தது. அப்பாவின் குரல் வந்தது. அவரும் பாறைக்கு வந்திருக்கிறார்.

"உருண்டா எங்க போகுதுன்னு கண்ணு முன்னாடி தெரியும்ல" என்றார். பிறகு, "இன்னிக்கும் அப்படித்தான் ஏத்துனேன். சிரிக்கிறவன் சிரிக்கட்டும்."

"சத்தம் வருதாப்பா?"

"எந்தச் சத்தம்?" என்றார். பிறகு நினைவு வந்து, "இல்ல. அது நின்னுபோச்சு. ஆபீஸ் எப்படி ஆத்தா இருக்கு?"

சொல்வதற்குள் தொடர்பு அறுந்துவிட்டது.

உள்ளே வந்தேன். மேசைக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். முத்துராமலிங்கம் சார் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டிருந்தார்.

"சார், இந்த மேசையைத் திருப்பிப் போட்டுக்கிறட்டுமா? வர்றவங்க முகம் தெரியற மாதிரி."

அவர் நிமிர்ந்து பார்த்தார். காலையிலிருந்து நான் பேசிய முதல் முழு வாக்கியம் அதுதான்.

"திருப்பினா எல்லாரும் ஒங்கிட்டத்தாம்மா வருவாங்க" என்றார்.

"வரட்டும் சார். அந்த முனையக் கொஞ்சம் பிடிங்க."